கொள்ளி வைத்தவன்தான் வாரிசா?

ஜனவரி 12, 2025
(ஒரு வாசகரின் கேள்வி)

போன மாதம் அப்பா தவறிவிட்டார். கொள்ளி வைத்து, மொட்டை போட்டு, கருமாதி வரைக்கும் எல்லாம் செய்தவன் நான். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டோம். ஆனால் நான் அவர்கள் பெற்ற பிள்ளை இல்லை, அம்மாவின் தங்கச்சி மகன். நடக்கப் பழகும் முன்பே தூக்கிவந்து வளர்த்தார்கள். அவர்களுக்குச் சொந்தப் பிள்ளைகள் மூன்று பேர். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், அப்பா பெயரில் ஒரு தமான் (குடியிருப்புப் பேட்டை) வீடு இருக்கிறது. உயில் எதுவும் இல்லை. "கொள்ளி வைத்தவன்தான் வாரிசு, நீ ஏன் பயப்படுகிறாய்" என்கிறார்கள் பெரியவர்கள். அது சட்டத்தில் நிற்குமா?

ஜனவரி 12, இரவு

நிற்காது தம்பி. சுடுகாட்டில் யார் கையில் கொள்ளி இருந்தது என்று நில அலுவலகத்தில் எவரும் கேட்பதில்லை. அவர்கள் கேட்பது இறப்புச் சான்று, வீட்டின் கிராண்டு (நிலப் பட்டா), அம்மா அப்பாவின் திருமணப் பதிவு, பிள்ளைகளின் சூராட் பெரானாக் (பிறப்புச் சான்று).

இஸ்லாமியர் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால் 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படிதான் பிரிப்பார்கள். மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மூத்தவன் இளையவன் கணக்கு கிடையாது. உங்கள் வீட்டில் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, பெற்ற பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்கு ஒன்பதில் இரண்டு.

அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் ஏறுமா என்பது ஒரு காகிதத்தைப் பொறுத்தது. உங்களை வளர்க்க எடுத்தபோது கோர்ட்டுக்குப் போனார்களா, ஜே.பி.என்.னில் (தேசியப் பதிவுத் துறை) பதிந்தார்களா, இரண்டும் இல்லையா? பீரோவைத் துழாவிப் பார்த்துச் சொல்லுங்கள்.

நான் வக்கீல் இல்லை. வக்கீல் அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவள். பூசாக்கா (வாரிசுச் சொத்து) கோப்புகள்தான் என் மேசைக்கு வரும்.

ஜனவரி 13

ஜே.பி.என். சான்றிதழ் மட்டும்தானா. அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

1952-இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று கோர்ட் வழியாகத் தத்தெடுப்பது. நீதிபதி உத்தரவு போட்டுவிட்டால் வளர்ப்புப் பிள்ளைக்கும் பெற்ற பிள்ளைக்கும் சொத்தில் வித்தியாசமே இல்லை. மற்றது தத்தெடுப்பைப் பதிவு மட்டும் செய்வது. வளர்க்கும் உரிமை, பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது எல்லாவற்றுக்கும் அது செல்லும். வாரிசு உரிமைக்குச் செல்லாது. எஸ்டேட் ஜனங்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்தார்கள். வக்கீல் செலவு இல்லை, கோர்ட் படி ஏற வேண்டியதில்லை. ஒருநாள் சம்பளத்தை விட்டு, விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்க் கைநாட்டு வைத்துவிட்டு, "பேர் பதிஞ்சாச்சு" என்று நிம்மதியாகத் திரும்பினார்கள். அந்தக் காகிதத்துக்கு எதுவரை பலம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

(பிறந்த உடனே தங்கள் பிள்ளை என்றே பதிந்துகொண்டவர்களும் உண்டு. அதைப் பற்றி நான் இங்கே ஒரு வரியும் எழுத மாட்டேன்.)

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. கோர்ட் உத்தரவு இல்லாததால் உங்களைப் பெற்றவர்களுக்கு நீங்கள் இன்னமும் வாரிசுதான். சித்தியின் பெயரில் ஏதாவது இருந்தால் அதில் உங்களுக்குப் பங்கு உண்டு. இந்தத் தகவல் இப்போது உங்களுக்கு இனிக்காது, தெரியும்.

ஜனவரி 13, பிற்பகல்

"பொண்ணுங்களுக்குச் சீர் செய்தாச்சு, அவங்களுக்கு எதுக்குப் பங்கு" என்று எழுதியவருக்கு: சீர் என்ற சொல்லே அந்தச் சட்டத்தில் இல்லை. மகளுக்கும் மகனுக்கும் சமம். தமிழ்நாட்டில்கூடப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை 1989-இல்தான் வந்தது, இந்தியா முழுக்க 2005-இல். இங்கே 1958-லிருந்தே இருக்கிறது. நம் பெண்களுக்கு அது தெரியாமல் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சட்டத்திலும் ஓட்டை இருந்தது. கணவன் இறந்தால் மனைவிக்கு ஒரு பங்குதான், மனைவி இறந்தால் முழுவதும் கணவனுக்கே என்று எழுதியிருந்தார்கள். அதைத் திருத்த 1997 வரை ஆனது.

ஜனவரி 14, பொங்கல்

பொங்கல் வைத்து முடித்து உட்கார்ந்திருக்கிறேன். கேள்வியை விட்டுக் கொஞ்சம் விலகிப் போகிறேன், பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் வாரிசு என்றால் வேலைக்கு வாரிசு. லயத்து வீடு (தோட்டத்தின் வரிசைக் குடியிருப்பு) நமக்குச் சொந்தமில்லை. வேலை இருக்கும்வரை வீடு. அப்பாவுக்கு 55 வயது முடிந்தால் வீட்டில் இன்னொருவர் பெயர் செக்ரோலில் (தோட்டத்து ஆள் பதிவேடு) இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். எங்கள் வீட்டில் அண்ணன் இடைநிலைப் பள்ளி மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தினார். அப்பா பால் வெட்டிய அதே மரங்கள், அதே நிரை, அதே வாளி. விடியற்காலைப் பெரட்டில் (வேலையாட்களின் வருகைக் கணக்கெடுப்பு) அப்பா நின்ற இடத்தில் அண்ணன் நின்றார். பங்குச் சண்டை எதுவும் வரவில்லை. அந்தச் சொத்தை யார்தான் கேட்பார்கள்?

அவர் நின்றதால் நான் படித்தேன். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்து, டைப்பிங் கற்று, பட்டணத்தில் ஏர்கான் அறையில் உட்கார்ந்தேன்.

எழுதி வைத்துப் பிரிக்கக்கூடிய சொத்து எங்கள் தாத்தா காலத்தில் இரண்டுதான். மாடு, நகை. மாடு செத்துவிடும், நகை அடகுக் கடைக்குப் போகும். கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரம் இன்னும் நிற்கிறது, போய்ப் பாருங்கள். பெயர்ப்பலகை வைத்துப் பாதுகாக்கிறார்கள். அந்தத் தலைமுறை மரங்களின் பிள்ளை குட்டிகளையெல்லாம் காலமெல்லாம் வெட்டிய நம் ஆட்களின் பெயரில் ஒரு அடி மண் கிடையாது.

அதனால்தான், "அந்தக் காலத்தில் சொத்துச் சண்டையே இல்லை, இப்போது ஜனங்கள் கெட்டுவிட்டார்கள்" என்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததும் கோபம் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டம் விற்று, தமான் வீடு வாங்கி, இப்போதுதான் முதல் தடவையாக நம் குடும்பங்களில் பிரிப்பதற்கென்று ஒன்று இருக்கிறது. முதல் தடவை என்பதால் தடுமாறுகிறோம்.

ஜனவரி 16

நான் எழுதியதைப் படித்துவிட்டு என் தங்கச்சி போன் செய்தாள். "அண்ணனைப் பற்றி எழுதினாயே, வீட்டைப் பற்றி ஏன் எழுதவில்லை" என்றாள். சரி, எழுதுகிறேன்.

தோட்டத்தை விட்டு வந்தபோது அப்பா பெயரில் மலிவு விலை வீடு கிடைத்தது. மாதத் தவணை கட்டியது அண்ணன். அப்பா போனபின், எங்கள் அம்மா முன்பே தவறிவிட்டதால், சட்டப்படி மூன்று பிள்ளைகளுக்கும் மூன்று சம பங்கு. நான் என் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். சொந்தக்காரர்கள் "தியாகம்" என்றார்கள். தியாகமா? மூன்றாம் படிவத்தோடு நின்றவருக்கு நான் கொடுக்க வேண்டிய பாக்கி அது. இன்னும் பாதிகூட அடையவில்லை.

தங்கச்சி கையெழுத்துப் போடவில்லை. தன் பங்கைப் பணமாக வாங்கிக்கொண்டாள். ரொம்ப நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். இப்போது யோசித்தால், அப்பா படுக்கையில் கிடந்தபோது பீயும் மூத்திரமும் அள்ளியவள் அவள். நான் ஈப்போவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு வந்தவள். தவணை கட்டியதற்கு ரசீது இருக்கிறது, படுக்கை மாற்றியதற்கு ரசீது இல்லை. இரண்டையும் எப்படி நிறுப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. சட்டமும் நிறுத்துப் பார்ப்பதில்லை. மூன்றால் வகுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. முன்பெல்லாம் அது எனக்குக் கல் நெஞ்சாகத் தெரியும். இப்போது அப்படித் தோன்றவில்லை. யார் அதிகம் செய்தது என்று ஒரு அதிகாரி முன்னால் உட்கார்ந்து நாங்கள் மூவரும் வாதாடியிருந்தால் இன்றைக்குப் பேச்சு வார்த்தையே இருந்திருக்காது.

ஜனவரி 19

கேள்வி கேட்ட தம்பி ஒரு வாரம் கழித்து மெதுவாகச் சொல்கிறார்: அப்பா கடைசிவரை ஜாகா (காவல்காரர்) வேலை பார்த்தாராம், கே.டபிள்யூ.எஸ்.பி. (தொழிலாளர் சேமநிதி) பணத்துக்கு இவர் பெயரைத்தான் நியமனம் செய்திருந்தாராம். அக்காக்கள் அதையும் பிரிக்கச் சொல்கிறார்களாம்.

இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! இஸ்லாமியர் அல்லாத உறுப்பினர் நியமித்தவருக்கே அந்தப் பணம் சொந்தம். வீட்டுக் கணக்கோடு அது சேராது. உயில் இருந்தாலும் அதைத் தொடாது. பெற்ற பிள்ளையா வளர்ப்புப் பிள்ளையா என்று அங்கே கேட்க மாட்டார்கள். (முஸ்லிம் உறுப்பினர்களுக்கு வேறு விதி. அங்கே நியமனதாரர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளர்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு உங்கள் அக்காக்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.)

ஆக, வீட்டில் உங்களுக்கு ஒரு செங்கல்லும் இல்லை, கே.டபிள்யூ.எஸ்.பி. முழுவதும் உங்களுக்கு. அப்பாவுக்கு விவரம் தெரிந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கோர்ட்டுக்குப் போகாத மனிதர் ஒரு பாரத்தை (படிவத்தை) நிரப்பி உங்களைத் தன் பிள்ளை என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஜனவரி 20

இல்லை, மேலே நான் எழுதியதில் அந்தக் கடைசி வரி கொஞ்சம் அதிகம். வேலையிடத்தில் யாராவது பாரத்தை நீட்டி "பக்கத்தில் யார் இருக்கிறார்கள்" என்று கேட்டிருக்கலாம், அன்றைக்கு உங்கள் ஐ.சி. (அடையாள அட்டை) கையில் இருந்திருக்கலாம். இறந்தவர்களின் மனசில் இருந்ததை நாமே எழுதி நிரப்புகிறோம். பணம் உங்களுடையது, அது மட்டும் நிச்சயம்.

ஜனவரி 24

பாட்டி உயிரோடு இருக்கிறார்களா?! அப்பாவைப் பெற்றவர்களா? தம்பி, நீங்கள் தவணை முறையில் தகவல் தருகிறீர்கள்.

கணக்கு மாறுகிறது. இறந்தவரின் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தால் மனைவிக்கு நான்கில் ஒன்று, பெற்றோருக்கு நான்கில் ஒன்று, பிள்ளைகளுக்கு மொத்தமாகப் பாதி. உங்கள் வீட்டில் அம்மாவுக்குக் கால், பாட்டிக்குக் கால், பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்கு ஆறில் ஒன்று. பிள்ளைகள் இருக்கும்போது பெற்றோருக்கும் பங்கு என்பது 1997 திருத்தத்தில் வந்தது. பழைய கணக்கை மனப்பாடமாக வைத்திருக்கும் பெரியவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

பாட்டியின் பங்கை இப்போது முடிக்காமல் விட்டு அவரும் போய்விட்டால் அந்தக் கால் பங்கு அவருடைய பிள்ளைகளுக்கு, அதாவது உங்கள் சித்தப்பா, அத்தைமார்களுக்குப் போகும். அவர்களில் ஒருவர் இறந்திருந்தால் அவர் பிள்ளைகளுக்கு. அப்புறம் ஒரு தமான் வீட்டுக்குக் கையெழுத்து வாங்க நீங்கள் கூலிமுக்கும் கிள்ளானுக்கும் அலைய வேண்டும். மூன்று தலைமுறை மாற்றாமல் விட்ட ஒரு துண்டு நிலத்துக்கு இருபத்தைந்து வாரிசுகள் வந்து நின்ற கோப்பை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவர் 1970 வாக்கில், வேலை பெர்மிட் கெடுபிடி வந்த சமயத்தில், கப்பலேறி ஊருக்குப் போனவர். கடிதம் நின்றுவிட்டது. ஏழு வருடம் தகவல் இல்லையென்றால் இறந்தவராகக் கருதச் சட்டத்தில் வழி உண்டு, அதற்குத் தனியாகக் கோர்ட்டுக்குப் போக வேண்டும். நான் ஓய்வு பெறும்போதும் அந்தக் கோப்பு மூடப்படவில்லை.

பிப்ரவரி 3

சீனப் பெருநாள் விடுமுறையில் ஊர் அமைதி. இதற்கிடையில் கூலிமிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருப்பதை எல்லோரும் படியுங்கள். தொண்ணூறுகளில் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டினார்கள், பதியவில்லை. இப்போது கணவர் இல்லை.

1982 மார்ச் 1-க்கு முன் சம்பிரதாயப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பின் நடந்தவை பதியப்பட வேண்டும். ஐயர் ஓதிய மந்திரமும் ஊர் சாப்பிட்ட சாப்பாடும் நில அலுவலகத்தில் சாட்சி சொல்லாது. மனைவி என்று பட்டியலில் ஏறுவதே பெரும்பாடு, பிள்ளைகளுக்கும் அப்பாவின் பங்கில் அதே சிக்கல். அம்மா, உங்களுக்கு நான் எழுதி உதவக்கூடிய விஷயம் இல்லை இது. நல்ல வக்கீலைப் பாருங்கள். சட்ட உதவித் துறை, "ஜபாத்தான் பந்துவான் குவாமான்" என்று கேட்டால் சொல்வார்கள், அங்கே முதலில் போங்கள்.

இன்னும் பதியாமல் குடும்பம் நடத்துகிறவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், நாளைக்கு விடிந்ததும் கிளம்புங்கள்.

பிப்ரவரி 14

தைப்பூசத்துக்கு ஈப்போவில், குனோங் சேரோவில், பால்குடம் முடிந்து வந்து காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உயில் பற்றிய கேள்விகள் குவிந்திருக்கின்றன. சுருக்கமாக:

18 வயது ஆனவர் எழுதலாம். தமிழில் எழுதினாலும் செல்லும். எழுதுபவர் கையெழுத்துப் போடும்போது இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். சொத்து பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் உயில் நிற்கும், ஆனால் அவருக்கு எழுதிய பங்கு போய்விடும். எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு குடும்பத்தில் மருமகள்தான் சாட்சி. மாமனாருக்குச் செல்ல மருமகள், வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவளும் அவள்தான். வீடு மகனுக்கு என்று உயில். அவள் கையெழுத்தே அவள் புருஷனின் பங்கைத் தின்றுவிட்டது. மற்ற பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்கவில்லை, ஆனால் சிரித்தார்கள்.

இன்னொன்று. உயில் எழுதியபின் கல்யாணம் செய்தால் பழைய உயில் செல்லாது. இரண்டாம் கல்யாணம் செய்யும் பெரியவர்கள் கவனிக்கவும். இந்த வரிக்கு யாராவது சண்டைக்கு வருவீர்கள், வாருங்கள்.

பிப்ரவரி 15

சண்டைக்கு ஒருவர் வந்துவிட்டார். வேறு விஷயத்துக்கு. "இறந்தவர் சொத்துக்கு வரி கட்ட வேண்டும், கட்டாவிட்டால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும்" என்கிறார். அந்த வரியை 1991-இலேயே எடுத்துவிட்டார்கள். பெயர் மாற்றத் தாமதமானால் அரசாங்கம் வீட்டைப் பிடுங்காது. வருஷாவருஷம் நில வரியைக் கட்டி வாருங்கள், அதைக் கட்டாமல் விட்டால்தான் நிலத்துக்கே ஆபத்து. அப்பாவின் கடனைப் பற்றியும் கேட்டிருந்தார். கடன் முதலில் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து கழியும், மிச்சம்தான் வாரிசுகளுக்கு. ஜாமீன் கையெழுத்துப் போட்டிராத பிள்ளையின் சட்டைப்பையில் வங்கி கைவிட முடியாது.

பிப்ரவரி 22

இது சட்டம் இல்லை. தோட்டத்து ஓரத்தில் எங்கள் பெரியப்பா கும்பிட்டுவந்த முனியாண்டி ஒன்று இருந்தது. கம்பெனி நிலம், ஒரு சூலம், தகரக் கூரை. அவர் போனபின் மகன்கள் இருவரும் "நீ பார்த்துக்கொள்" என்று ஒருவர் மேல் ஒருவர் தள்ளினார்கள். வீட்டுக்காகக் கோர்ட் வரை போன அதே இருவர்! இப்போது வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றுவது பக்கத்து லயத்தில் இருந்த ஒரு மருமகன் முறைக்காரர். வாரிசு என்று அவருக்குப் பட்டம் கிடையாது, கேட்கவும் இல்லை. நிலம் கைமாறப் போகிறதாம், சூலத்தை எங்கே வைப்பது என்று அலைந்துகொண்டிருக்கிறார். இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

மார்ச் 9

கேள்வி கேட்ட தம்பிக்கு. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அம்மா உங்கள் பக்கம், பாட்டி உங்கள் பக்கம், சின்ன அக்கா உங்கள் பக்கம், அண்ணன் "எனக்கு வேண்டாம்" என்கிறார், பெரிய அக்கா மட்டும் முறைக்கிறார். இது நல்ல கோப்பு. இதைவிட மோசமானவற்றை முடித்திருக்கிறோம்.

வீடு இருக்கிறது, உயில் இல்லை, மொத்த மதிப்பு ஐம்பது லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகாது. ஆகவே கோர்ட் வேண்டாம், நில அலுவலகத்தின் சிறு சொத்துப் பிரிவே போதும். (முன்பு இருபது லட்சம், 2024 ஜூலையில் உயர்த்தினார்கள்.) விண்ணப்பம் போட்டபின் பிச்சாராவுக்கு (விசாரணைக்கு) நாள் கொடுப்பார்கள். பட்டியலில் உள்ள எல்லோரும் வர வேண்டும். அண்ணனால் வர முடியாவிட்டால் சம்மதப் படிவத்தில் முறைப்படி கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். பாட்டியை எப்படியாவது கூட்டிப் போங்கள், சக்கர நாற்காலியில் என்றாலும். அன்றைக்கு அவரவர் பங்கை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்தால் வீடு அம்மா பெயருக்கு வரும். பெரிய அக்கா சம்மதிக்காவிட்டால் அவருடைய ஆறில் ஒன்று அவருக்கு, மீதி அம்மாவுக்கு. அதிலும் குற்றம் இல்லை. அவருக்கு என்ன நெருக்கடியோ. என் தங்கச்சி விஷயத்தில் நான் செய்ததுபோல் பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அப்புறம் அம்மா உங்கள் பெயரையும் சேர்த்து உயில் எழுதலாம். அவர் கண்ணை மூடும்வரை எப்போது வேண்டுமானாலும் அதை மாற்றி எழுதலாம் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மேல் உறுதி கேட்டு அம்மாவை நெருக்காதீர்கள்.

மார்ச் 9, இரவு

பிஸ்கட் டின்னில் தாத்தாவின் பங்குப் பத்திரம் கிடைத்தது என்று எழுதியவருக்கு: தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் என்றிருந்தால் பத்திரமாக வையுங்கள். 1960-இல் அன்று அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கியது, தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோன நேரத்தில் நம் ஆட்கள் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகக் கட்டிச் சேர்ந்தது. உறுப்பினர் எண், தாத்தாவின் ஐ.சி. எண், இறப்புச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு சங்கத்தில் கேளுங்கள். நியமனம் யார் பெயரில் என்பதுதான் முதல் கேள்வி. தாத்தாவின் பெயர் பத்திரத்தில் ஒரு மாதிரி, ஐ.சி.யில் ஒரு மாதிரி, இறப்புச் சான்றில் இன்னொரு மாதிரி எழுதியிருக்கும், பந்தயம் கட்டுகிறேன். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.